ஜூனோவில் ஒரு கப்பல் பகல்: மெண்டன்ஹால் பனியாற்றை அவசரமில்லாமல் பார்ப்பது எப்படி

முதல்முறை அலாஸ்கா குரூஸ் போகிறவர்கள் கேட்கும்போதெல்லாம் நான் சொல்வது ஒன்றுதான்: ஜூனோவில் கப்பல் நிற்கும் அந்த ஒரு பகலுக்கு ஒரே ஒரு பெரிய வேலையை வைத்துக்கொள்ளுங்கள். திமிங்கிலம், ஹெலிகாப்டர், ரோப் கார், சால்மன் விருந்து, கடைத்தெரு என்று அடுக்கிக்கொண்டே போனால், பனியாற்றுக்கு முன்னால் நிற்கக் கிடைப்பது முக்கால் மணி நேரம். அதில் பாதி கழிப்பறை வரிசையிலும் போட்டோவிலும் போய்விடும். இவ்வளவு தூரம் செலவு செய்து வந்துவிட்டு அப்படித் திரும்புகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. மெண்டன்ஹாலுக்கு அரை நாள் கொடுங்கள். அந்த அரை நாளை எப்படி அமைத்துக்கொள்வது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

ஊரைப் பற்றிக் கொஞ்சம். ஜூனோ அலாஸ்கா மாநிலத்தின் தலைநகரம். ஆனாலும் வெளியூரிலிருந்து அங்கே போக சாலை கிடையாது. கப்பல் அல்லது விமானம்தான். மக்கள்தொகை சுமார் 32,000. அந்தச் சிறிய ஊருக்கு 2023 சீசனில் மட்டும் 16 லட்சத்துக்கும் அதிகமான கப்பல் பயணிகள் வந்தார்கள். கூட்டம் தாங்காமல், 2024 முதல் ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பல்களுக்கு மேல் வருவதில்லை என்று ஊராட்சியும் கப்பல் நிறுவனங்களும் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஐந்து கப்பல் என்றாலும் அது பத்து, பதினைந்தாயிரம் பேர். உங்கள் திட்டம் முழுக்க இந்தக் கூட்டத்தை மனதில் வைத்துத்தான் அமைய வேண்டும்.

முதலில் விசா

பனியாற்றைப் பற்றிப் பேசும்போது விசா எங்கே வந்தது என்று நினைக்க வேண்டாம். சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்குகிற அலாஸ்கா கப்பல்கள் பெரும்பாலும் வழியில் கனடாவின் விக்டோரியாவில் நிற்கும். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் பயணிகளை ஏற்றிச் சுற்றிவந்து இறக்க வேண்டுமென்றால், நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட வேண்டும் என்று 1886-லிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. அதனால்தான் இரவு நேரத்தில் சில மணி நேரமே நின்றாலும் விக்டோரியா பட்டியலில் இருக்கும். வேறு சில கப்பல்கள் வான்கூவரிலிருந்தே கிளம்பும்.

ஆக, இந்தியப் பாஸ்போர்ட்டோ இலங்கைப் பாஸ்போர்ட்டோ வைத்திருப்பவர்களுக்கு அமெரிக்க விசாவோடு கனடா விசாவும் வேண்டும். பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா வந்திருக்கும் அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று டிக்கெட் போடுகிறவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எச்-1பி-யில் வேலை செய்பவர்களுக்கும் இது பொருந்தும். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்குக் கனடா விசா தேவையில்லை. ஆனால் பாஸ்போர்ட்டும் கார்டும் கையில் இருக்க வேண்டும். கனடாவில் இறங்கப் போவதில்லை, கப்பலிலேயே இருப்போம் என்று சொன்னாலும் ஏறும் இடத்தில் விடமாட்டார்கள். விசா கைக்கு வந்த பிறகு பணத்தைக் கட்டுவது நல்லது.

கடைசியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்

கப்பல் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று கேட்காதீர்கள். எத்தனை மணிக்குள் எல்லாரும் ஏறியிருக்க வேண்டும் என்று கேளுங்கள். பொதுவாக அது புறப்பாட்டுக்கு அரை மணி முன்னதாக இருக்கும். முந்தின இரவு அறைக்கு வரும் நிகழ்ச்சித் தாளிலோ கப்பலின் ஆப்பிலோ போட்டிருப்பார்கள். அந்த நேரத்தைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி வாருங்கள்.

ஒரு உதாரணம். கப்பல் மதியம் 12-க்கு வந்து இரவு 9-க்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 8.30-க்குள் ஏற வேண்டும். நாமாக ஏற்பாடு செய்துகொண்டு போனால், அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடியே துறைமுகத்துக்குத் திரும்பிவிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்: அதாவது 7 மணி. பனியாற்றிலிருந்து ஊருக்கு 20 கிலோமீட்டர், அரை மணிப் பயணம். மாலையில் பஸ்ஸுக்கு வரிசை நிற்கும் என்பதால் 6 மணிக்கெல்லாம் வரிசையில் இருக்க வேண்டும். போகும்போது கப்பலிலிருந்து வெளியே வரவும் வண்டி பிடிக்கவும் ஒன்றரை மணி. எனவே 2 மணி முதல் 6 மணி வரை, முழுசாக நான்கு மணி நேரம் கிடைக்கிறது. கப்பல் காலை 7-க்கு வந்து மதியம் ஒன்றரைக்கே போய்விடும் என்றால் இதே கணக்கில் ஒன்றரை மணி நேரம்தான் தேறும். அப்படிப்பட்ட நாளில் வேறு எதையும் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

இன்னொன்று. அலாஸ்கா நேரம் சியாட்டில் நேரத்துக்கு ஒரு மணி பின்தங்கியது. கப்பல் கடிகாரத்தை மாற்றும்போது அறிவிப்பார்கள். தூக்கத்தில் காதில் விழாமல் போகலாம். கேங்வேயில் (கப்பலிலிருந்து கரைக்கு இறங்கும் பாலத்தில்) இறங்கும்போது அங்கே எழுதி வைத்திருக்கும் நேரத்தோடு உங்கள் போனை ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். நடுக்கடலில் போனை ஏரோபிளேன் மோடில் வையுங்கள். கப்பலின் செல் கோபுரத்தில் தானாகச் சேர்ந்துகொண்டால் பில் எகிறும். ஜூனோவில் அமெரிக்க சிம் சாதாரணமாகவே வேலை செய்யும்.

எந்த வண்டியில் போவது

நான்கு வழி இருக்கிறது.

முதலாவது, கப்பல் நிறுவனமே விற்கும் எக்ஸ்கர்ஷன், அதாவது கரையில் சுற்றிக்காட்டும் டூர். விலை கூடுதல். ஆனால் வண்டி தாமதமானால் கப்பல் காத்திருக்கும். மூட்டு வலி உள்ள பெரியவர்கள், கைக்குழந்தை, முதல் வெளிநாட்டுப் பயணம் என்ற நிலையில் இருப்பவர்கள் இதையே எடுங்கள். அந்த நிம்மதிக்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: திமிங்கிலமும் பனியாறும் சேர்ந்த டூர் என்றால், பனியாற்றில் எவ்வளவு நேரம் விடுவார்கள் என்று விவரத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். பலவற்றில் ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான் இருக்கும்.

இரண்டாவது, துறைமுகத்தில் நின்று ஆள் ஏற்றும் ஷட்டில் பஸ். எனக்குப் பிடித்தது இதுதான். போக வர ஒரே டிக்கெட், திரும்பும் நேரம் நம் இஷ்டம். மவுண்ட் ராபர்ட்ஸ் ரோப் கார் நிலையத்துக்குப் பக்கத்தில் வரிசையாக டிக்கெட் கூண்டுகள் இருக்கும். முன்கூட்டியே இணையத்தில் வாங்க முடிந்தால் வாங்கிவிடுங்கள். பனியாறு இருப்பது டோங்கஸ் தேசிய வனத்தில். அங்கே வணிக வண்டிகள் ஒரு சீசனுக்கு எத்தனை பேரைக் கொண்டுவரலாம் என்று வனத்துறை அளவு வைத்திருக்கிறது. சீசன் முடியும் மாதங்களில் சில நிறுவனங்களின் கோட்டா தீர்ந்துவிடுவது உண்டு.

மூன்றாவது, டாக்சி அல்லது ஊபர். நான்கு பேர் சேர்ந்து போனால் கட்டுப்படியாகும். சிக்கல் திரும்பும்போது வரும். பனியாற்றுப் பக்கம் போன் சிக்னல் சரியாகக் கிடைக்காது; ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். போகும்போதே டிரைவரிடம் இத்தனை மணிக்கு இந்த இடத்தில் என்று பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

நான்காவது ஊர் பஸ். கட்டணம் 2 டாலர்தான். சில்லறை கொடுக்கமாட்டார்கள், சரியாகக் கொடுக்க வேண்டும். ஆனால் அது பனியாறு வரை போகாது. இறங்கி இன்னும் இரண்டரை கிலோமீட்டர் நடக்க வேண்டும், திரும்பவும் அதே நடை. கால் வலுவும் நேரமும் இருக்கிற இளைஞர்களுக்குச் சரி. பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு இதை முயலாதீர்கள்.

உடுப்பும் பையும்

ஜூனோ மழைக்காட்டு ஊர். ஜூலையிலும் பகல் வெப்பம் சராசரியாக 17, 18 டிகிரிதான். மழை என்றால் நம் ஊர் மாதிரி அடித்து ஊற்றிவிட்டு ஓய்கிற மழை இல்லை. பொசுபொசுவென்று நாள் முழுக்கத் தூறும். குடை காற்றில் மடங்கும், ஒற்றையடிப் பாதையில் எதிரே வருபவர் கண்ணில் குத்தும். தலை மூடும் ரெயின் ஜாக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு உள்ளே ஒரு ஸ்வெட்டர், அதற்கும் உள்ளே ஒரு மெல்லிய முழுக்கைச் சட்டை. ஜீன்ஸ் நனைந்தால் காயாது. உடம்பில் ஒட்டிக்கொண்டு குளிரை ஏற்றும். சீக்கிரம் காயும் டிராக் பேன்ட் போதும்.

சேலைதான் கட்டுவேன் என்கிற அம்மாக்கள் தாராளமாகக் கட்டலாம், ஷூ மட்டும் போட்டுக்கொண்டு; பனியாற்றைப் பார்க்கும் இடமான போட்டோ பாயின்ட் வரையுள்ள பாதை சமமாகப் போடப்பட்டது. பனியாற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் நக்கெட் அருவி வரை நடப்பதாக இருந்தால் சல்வார் வசதி. பனியிலிருந்து வரும் காற்று காதைப் பிடிக்கும், குல்லாவை மறக்காதீர்கள்.

பையில் தண்ணீர் பாட்டில், கப்பல் கார்டு, போட்டோ உள்ள ஓர் அடையாள அட்டை, அன்றாட மாத்திரை, பைனாகுலர். அவ்வளவு போதும். சாப்பாடு எடுக்கவே எடுக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பனியாற்றுப் பகுதியில் கரடிகள் நடமாடுவதால், தண்ணீரைத் தவிர எந்த உணவும் பானமும் பாதைகளில் கூடாது என்பது விதி. புளியோதரைப் பொட்டலம், முறுக்கு, குழந்தைக்குப் பிஸ்கட் என்று எதுவும் வேண்டாம். கப்பலின் பஃபேயிலிருந்து பழத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வதும் தவறு. அதைக் கரைக்கு இறக்க அனுமதி இல்லை. இறங்குவதற்கு முன் கப்பலிலேயே வயிறாரச் சாப்பிட்டுவிடுங்கள். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கும் அதுதான் சுலபம்.

இறங்கும் நேரம்

கப்பல் கட்டிய உடனே இறங்க முடியாது. அதிகாரிகள் அனுமதி கொடுத்து அறிவிப்பு வந்த பிறகுதான் கதவு திறக்கும். கட்டியதிலிருந்து இருபது முப்பது நிமிடம் ஆகலாம். முதல் கூட்டத்தோடு முட்டி மோதாமல், ஆனால் அதிகம் தள்ளிப்போடாமல் இறங்குங்கள்.

எந்த டாக்கில் (கப்பல் கட்டும் மேடையில்) கட்டுகிறார்கள் என்று முந்தின நாளே கேட்டு வையுங்கள். ஊர் நடுவில் உள்ள டாக் என்றால் டிக்கெட் கூண்டுகள் எட்டும் தூரத்தில் இருக்கும். தெற்கே இருக்கும் ஏஜே டாக் என்றால் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நடை, அல்லது அங்கே ஓடும் சின்ன ஷட்டில். இடமில்லாமல் கப்பல் நடுவில் நங்கூரமிட்டு நின்றால் சிறு படகில் கரை சேர வேண்டும். போகும்போது அரை மணி, வரும்போது அரை மணி கூடுதலாகக் கணக்கில் சேருங்கள்.

பனியாற்றின் முன்னால்

வண்டி இறக்கிவிட்டதும் எல்லாரும் நேராகப் பார்வையாளர் மையத்துக்குள் நுழைவார்கள். நீங்கள் மையத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 5 டாலர் கட்டணம். தேசியப் பூங்காக்களுக்கான வருடாந்தர பாஸ் வைத்திருந்தால் அதைக் காட்டினால் போதும்.

முதலில் போட்டோ பாயின்ட் பாதை. ஒரு வழிக்கு அரை கிலோமீட்டர்தான், சக்கர நாற்காலியும் போகும். முனையில் நின்றால் மெண்டன்ஹால் ஏரி முழுக்கத் தெரியும். அதற்கு அப்பால் மலை இடுக்கில் பனியாறு. பனியாற்றின் நீளம் சுமார் 21 கிலோமீட்டர். நமக்குத் தெரிவது வால்நுனி மட்டும். மேலே, மலைகளுக்குப் பின்னால், ஏறக்குறைய 3,900 சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கும் ஜூனோ பனிவெளியிலிருந்து இது இறங்கி வருகிறது. அங்கே விழும் பனி வருடம் வருடமாக ஒன்றன்மேல் ஒன்று படிந்து, தன் பாரத்திலேயே இறுகிக் கட்டியாகி, மெல்ல நகர்ந்து இங்கே வந்து சேர 200 முதல் 250 வருடம் ஆகிறது. உங்கள் கண் முன்னால் உடைந்து மிதக்கும் கட்டி, வேலு நாச்சியார் சிவகங்கையை மீட்ட காலத்தை ஒட்டி மேலே பனியாகப் பொழிந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்டலாம்.

நீலநிறம் எங்கே என்று தேடுங்கள். இறுகிய பனியில் காற்றுக் குமிழிகள் பெரும்பாலும் வெளியேறிவிடும். வெளிச்சம் உள்ளே ஆழமாகப் போகும்போது சிவப்புப் பகுதியைப் பனி உறிஞ்சிக்கொண்டு நீலத்தை வெளியே விடுகிறது. வெயில் பளிச்சென்று அடித்தால் மேற்பரப்பு வெள்ளையாகக் கூசும். மேகம் மூடிய நாளில்தான் வெடிப்புகளுக்குள் அந்த நீலம் நன்றாகத் துலங்கும். அதனால் வானம் இருட்டியிருக்கிறதே என்று வருத்தப்படாதீர்கள்.

அடுத்து நக்கெட் அருவி. இதைத் தவறவிடவே கூடாது. மையத்துக்குப் பக்கத்திலிருந்து கிளம்பும் பாதை, போக வர சுமார் 3 கிலோமீட்டர். சரளைக்கல் போட்ட பாதை, ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. சாதாரணமாக நடப்பவர்களுக்கு, அங்கே நிற்கும் நேரத்தையும் சேர்த்து ஒன்றரை மணி. வழியெல்லாம் ஒரு பக்கம் வில்லோ, ஆல்டர் மரங்கள், இன்னொரு பக்கம் ஏரி. அருவியின் உயரம் 377 அடி. நெருங்க நெருங்க சத்தம் நெஞ்சில் இடிக்கும். சாரல் முகத்தில் அடிக்கும், கேமராவைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். மையத்திலிருந்து பார்ப்பதைவிட இங்கிருந்து பனியாறு இன்னும் பக்கத்தில் தெரியும்.

ஏரிக்கரையில் கொஞ்சம் குனிந்து பாருங்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும் என்று எதிர்பார்த்து வருபவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும்: சாம்பல் கலந்த பால் நிறம். பனியாறு நகரும்போது அடியில் இருக்கும் பாறையை மாவாக அரைக்கிறது. அந்தப் பாறை மாவுதான் தண்ணீரில் கலந்து நிற்கிறது. கரையில் ஒதுங்கிய சிறு பனிக்கட்டியைக் கையில் எடுத்தால், நம் ஃபிரிட்ஜ் ஐஸ் மாதிரி நடுவில் வெண்மை இருக்காது. உள்ளே தெளிவாக இருக்கும். ஊசிமுனை அளவுக் குமிழிகள் கோடு கோடாக நிற்கும். ஆனால் ஏரியில் மிதக்கும் பெரிய கட்டிகள் மேல் ஏறவோ, அதைத் தொடத் தண்ணீரில் இறங்கவோ யாரையும் விடாதீர்கள். அவை எந்த நேரமும் புரளும். தண்ணீர் உறைநிலைக்குச் சற்று மேலேதான். விழுந்தால் கை கால் சில நிமிடத்தில் மரத்துவிடும். பனிக் குகை என்று படங்களில் பார்த்துவிட்டுத் தேடிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அது ஏரிக்கு மறுபக்கம், மேற்குப் பாதையில் பல மணி நேர நடை. குகைகள் திடீரென்று இடியக்கூடியவை. கப்பல் பயணியின் ஒரு பகலுக்குள் அடங்குகிற வேலை அது இல்லவே இல்லை.

திரும்பி வந்ததும் பார்வையாளர் மையம். 1962-ல் திறந்தது, அமெரிக்க வனத்துறை கட்டிய முதல் பார்வையாளர் மையம் இதுதான். கழிப்பறை, கண்காட்சி, சிறு திரையரங்கு, தொலைநோக்கிகள் எல்லாம் உண்டு. உள்ளே போவதற்கு முன் வெளியே இருக்கும் பாறையைப் பாருங்கள். வழவழவென்று தேய்ந்து, ஒரே திசையில் நீளமான கீறல்கள் ஓடும். பனியாறு தன் அடியில் கல்லைப் பிடித்து இழுத்துக்கொண்டு போன தடம் அது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்த இடத்தின் மேலேயே பனி கிடந்தது. நீங்கள் பார்த்த ஏரியும் அப்போது கிடையாது. பனி பின்வாங்க ஆரம்பித்த பிறகு, 1920-களின் கடைசியிலிருந்துதான் அது உருவானது. இன்று மையத்தின் பெரிய கண்ணாடிச் சுவருக்கு முன்னால் நின்றால் பனியாறு தூரத்தில் ஒதுங்கி நிற்கிறது. பழைய படங்களும் இன்றைய படங்களும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளை அங்கே கொஞ்ச நேரம் நிறுத்துங்கள். புவி வெப்பமாவதைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் எத்தனை பக்கம் படித்தாலும் இந்த இரண்டு படம் செய்வதை அது செய்யாது.

கரடியும் சால்மனும்

ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை போகிறவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு: ஸ்டீப் கிரீக் ஓடை. வண்டி நிறுத்துமிடத்துக்குப் பக்கத்திலேயே மரப்பலகைப் பாதை உயரமாகப் போட்டிருக்கிறார்கள். கீழே கணுக்கால் ஆழத் தண்ணீரில் சாக்கை சால்மன் மீன்கள் முட்டையிட ஏறி வரும். உடம்பு குங்குமச் சிவப்பு, தலை பச்சை. தண்ணீர் அவ்வளவு குறைவாக இருப்பதால் முதுகுத் துடுப்பு வெளியே தெரிய, வயிற்றால் கூழாங்கல்லைத் தேய்த்துக்கொண்டு முன்னேறும். வால் கிழிந்து, தோல் வெளுத்துப் போனவையும் கூடவே நிற்கும். முட்டையிட்ட பிறகு அவை இறந்துவிடும். அந்த மீனுக்காகத்தான் கருங்கரடிகள் வருகின்றன, சில நேரம் குட்டிகளோடு.

கரடி கண்ணில் பட்டால் ஓடாதீர்கள். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்து, மெதுவாகப் பேசியபடி பின்னால் நகருங்கள். தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் போய்விடக் கூடாது. செல்ஃபிக்காகக் கைப்பிடிக்கு வெளியே தொங்காதீர்கள். கரடி பாதையைக் கடக்கும்போது வனத்துறையினர் சற்று நேரம் வழியை மூடுவார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு நில்லுங்கள். நேரக் கணக்கில் இதற்கும் ஒரு கால் மணியைச் சேர்த்து வைத்திருப்பது நல்லது.

மழை பெரிசாகிவிட்டால், வெள்ளம் வந்துவிட்டால்

தூறலுக்காகப் பயணத்தை ரத்து செய்யாதீர்கள். அங்கே தூறல் இல்லாத நாளுக்குக் காத்திருந்தால் கப்பல் போய்விடும். ஆனால் ஆகஸ்ட்டில் போகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பனியாற்றின் பக்கவாட்டில் சூசைட் பேசின் என்று ஒரு பள்ளம் இருக்கிறது. உருகிய நீரும் மழைநீரும் அதில் தேங்கும். பனியே அணையாக நிற்கும். ஒரு கட்டத்தில் தண்ணீர் பனிக்கு அடியில் வழி கண்டுபிடித்து மொத்தமாகப் பாய்ந்துவிடும். 2011 முதல் இது தொடர்ந்து நடக்கிறது. 2023, 2024, 2025 மூன்று ஆண்டும் ஆகஸ்ட் மாதத்தில் மெண்டன்ஹால் ஆறு ஒவ்வொரு முறையும் முந்தைய உயரத்தை மிஞ்சியது. கரையோர மக்களின் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. துறைமுகமும் ஊர் நடுப்பகுதியும் இந்த ஆற்றங்கரையில் இல்லாததால் கப்பல் பயணிகளுக்கு அங்கே ஆபத்து இல்லை. ஆனால் பனியாற்றுப் பாதைகளை மூடிவிடலாம். போவதற்கு முந்தின நாள் அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவையின் ஜூனோ பக்கத்தைப் பாருங்கள். பள்ளத்தின் நீர்மட்டத்தைத் தொடர்ந்து வெளியிடுகிறார்கள். மூடிவிட்டார்கள் என்றால் வாதாடாதீர்கள். டாக்கிலிருந்தே கிளம்பும் ரோப் காரில் சுமார் 1,800 அடி ஏறி மவுண்ட் ராபர்ட்ஸ் மேலே நடக்கலாம். மேகம் இறங்கியிருந்தால் அதுவும் பயன்படாது. அப்போது அலாஸ்கா மாநில அருங்காட்சியகம் இருக்கிறது, கால்நடையாகவே போய்விடலாம். துறைமுகத்துக்கு எதிரே, வண்டி நிறுத்தும் கட்டடத்தின் உச்சியில் பொது நூலகமும் உண்டு. இலவச வைஃபை, உட்கார இடம், ஜன்னலுக்கு வெளியே கடல்.

ஹெலிகாப்டர் வேண்டுமா?

பனியின் மேலேயே கால் வைத்து நடக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு ஹெலிகாப்டர்தான் வழி. ஆளுக்குப் பல நூறு டாலர் ஆகும். பனியில் வழுக்காத பூட்ஸ் அவர்களே கொடுப்பார்கள். உடல் எடையைக் கேட்பார்கள். அதிக எடை என்றால் கூடுதல் கட்டணம் உண்டு. மேகம் கீழே இறங்கினால் பறக்கமாட்டார்கள், பணம் திரும்பக் கிடைக்கும். பணம் ஒரு பொருட்டில்லை என்றால் போய் வாருங்கள், அது வேறு அனுபவம். ஆனால் அதற்காகக் கடன் வாங்கவோ, வீட்டில் ஒருவர் மட்டும் போய் மற்றவர்கள் கப்பலில் காத்திருக்கவோ தேவையில்லை. குடும்பமாக நக்கெட் அருவி வரை நடந்து வருவதில் எந்தக் குறையும் இல்லை.

திரும்புதல்

நீங்கள் குறித்து வைத்த நேரத்துக்கு, அருவி எவ்வளவு அழகாக இருந்தாலும், வரிசைக்கு வந்துவிடுங்கள். ஷட்டில்கள் பொதுவாக அரை மணிக்கு ஒன்று வீதம் வரும். முதல் வண்டியில் இடம் கிடைக்காமல் இரண்டாவதற்கு நிற்க வேண்டியிருக்கலாம். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதை டிக்கெட் வாங்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குடும்பத்தில் ஒருவர் பெயரை அதற்கென்று வைத்துவிடுங்கள்: இன்று நேரம் பார்ப்பது இவர் பொறுப்பு, அவர் கிளம்பு என்றால் எல்லாரும் கிளம்ப வேண்டும். பத்துப் பேர் கொண்ட கூட்டத்தில் இது இல்லாவிட்டால் யாரோ ஒருவர் கடைசி நேரத்தில் கழிப்பறைக்குப் போவார்.

ஊருக்குத் திரும்பிய பிறகு நேரம் மிச்சம் இருந்தால் கடைத்தெருவைச் சுற்றுங்கள். ஜூன் மாதத்தில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். வெளிச்சத்தை வைத்து நேரத்தை மதிப்பிட்டு ஏமாந்துவிடாதீர்கள்.

இறங்கும் முன்பே நிகழ்ச்சித் தாளில் இருக்கும் துறைமுக முகவரின் பெயரையும் போன் எண்ணையும் படம் பிடித்து வையுங்கள். எப்படியோ கப்பலைத் தவறவிட்டால் முதலில் கூப்பிட வேண்டியது அவரைத்தான். ஜூனோவிலிருந்து அடுத்த துறைமுகத்துக்குக் காரில் விரட்டிப் பிடிக்க வழியில்லை. விமானமோ ஃபெரியோ கிடைத்தால்தான் உண்டு, செலவு உங்களுடையது. கப்பல் கிளம்பும்போது ஆள் வரவில்லை என்று தெரிந்தால், சில நிறுவனங்கள் அறையின் பெட்டகத்தைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து முகவரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். எல்லாரும் அப்படிச் செய்வார்கள் என்று நம்பியிருக்க வேண்டாம். பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், விசா பக்கம், பயணக் காப்பீடு மூன்றின் படமும் உங்கள் போனிலும், கூட வருபவர் ஒருவர் போனிலும் இருக்கட்டும்.